கெட்டி எண்ணெய்க் கிணறு

ஆறுமுகத்தாய்: ...அப்ப என் தங்கச்சி வரலையா? அக்கா புருசனுக்கு வருசத் திவசம், நீங்க மட்டும் வந்து நிக்கிய?

குருசாமி: பிள்ளைக்குக் காய்ச்சல் மைனி. பேச்சி சாயங்காலம் சிவகிரி பஸ்ல வாரேன்னா. நான்தான் முன்னால வந்துட்டேன். உங்ககிட்ட ஒண்ணு பேசணும்.

ஆறுமுகத்தாய்: உக்காருங்க தம்பி. அதிரசத்துக்குப் பாகு கிண்டுதேன், கைய எடுத்தா அடிப்பிடிச்சிரும். பேசுங்க, காது இங்கனதான இருக்கு.

குருசாமி: குஜராத்துல எங்க ஆபீஸ்ல... வேலையில செத்தவுக போட்டோவெல்லாம் வரிசையா மாட்டியிருக்கு மைனி.

ஆறுமுகத்தாய்: அவர் போட்டோ இருக்கா?

குருசாமி: ...இல்ல.

ஆறுமுகத்தாய்: எப்படி இருக்கும்? மிஷின எரிச்சவர்னுல்ல எழுதிட்டாங்க. பனவடலிசத்திரத்துல எங்க மாமனார் தெருவுல இறங்கதே இல்ல. புளியங்குடி எலுமிச்சந்தோப்புல எம் மவன் கைபடாத மோட்டார் கிடையாது, அங்கன போயி எரிச்சுட்டானேன்னு ஒரே பொலம்பல்.

குருசாமி: அண்ணாச்சிக்குத் தொழில் தெரியாம எரியல.

ஆறுமுகத்தாய்: பெறவு எப்படி எரிஞ்சுது? நீங்க கூடவே நின்னவுக. எனக்கு வெளங்கும்படியா சொல்லுங்க.

குருசாமி: இங்கன கிணத்துல தண்ணி. அங்கன எண்ணெய். கறுப்பா, கெட்டியா... பம்பும் மோட்டாரும் கிணத்துக்குள்ளயே மூவாயிரம் அடி ஆழத்துல கிடக்கும். செஞ்சவன் அதத் தண்ணியில ஓட்டிப் பாத்துத்தான், இம்புட்டு இறைக்கும்னு எழுதித் தந்திருந்தான்.

ஆறுமுகத்தாய்: எண்ணெய்னா அம்புட்டு இறைக்காதாக்கும்.

குருசாமி: பாதிகூட வராது. ஆனா மோட்டாருக்குப் பாடு கூடிப்போகும். இந்தா, நீங்க கிண்டுதியள்ல... பாகு தண்ணியா இருந்தப்ப கை வலிச்சுதா?

ஆறுமுகத்தாய்: எங்க... இப்ப இறுகுதப்பதான் தோள்பட்ட கழலுது.

குருசாமி: அதேதான் மைனி. திணறித் திணறிக் கரண்ட இழுக்கும். மோட்டார் சூட்டத் தணிக்கதே, அத உரசிக்கிட்டு மேல போற எண்ணெய்தான். கெட்டி எண்ணெய் லேசுல நகராது. சூடு அங்கனயே நிக்கும். தாங்காம பம்பு தானா நின்னுபோகும்.

ஆறுமுகத்தாய்: நின்னா விட்டுர வேண்டியதுதான?

குருசாமி: அண்ணாச்சியும் அதத்தான் சொன்னாக. 'ஏலே, ஆற விடு. லேசான எண்ணெயக் கிணத்துல ஊத்தி, இது இளகின பெறவு ஓட்டுவோம்'னாக.

ஆறுமுகத்தாய்: அவரா சொன்னாரு? அவர்தான் திரும்பத் திரும்பப் போட்டு...

குருசாமி: மைனி... அடுப்ப அணைங்களேன்.

ஆறுமுகத்தாய்: அணைச்சிட்டேன். சொல்லுங்க.

குருசாமி: லேசான எண்ணெய்க்கு லாரி கேக்க அண்ணாச்சி ஆபீசுக்குப் போயிட்டாக. அப்பப் பாத்து வயர்லெஸ்ல சேதி, மத்தியானம் பெரிய ஆபீசர் வாராருன்னு. கிணறு நின்னு கிடந்தா சீட்டக் கிழிச்சிருவாரோன்னு எனக்குப் பயம். பட்டனத் தட்டினேன். ஓடி நின்னுச்சு. திரும்பத் தட்டினேன்... அஞ்சு தடவ.

ஆறுமுகத்தாய்: நீங்களா?

குருசாமி: நான்தான். அஞ்சாவது தடவ எரிஞ்சுபோச்சு.

ஆறுமுகத்தாய்: ...பெறவு?

குருசாமி: அத மாத்தணும்னா மூவாயிரம் அடிக் குழாயையும் ஒவ்வொண்ணா மேல இழுக்கணும். மறுநா தொடங்கினோம். ரெண்டாம் நாளு குழாய் ஒண்ணு பிடி நழுவி... அது நான் நிக்க வேண்டிய எடம் மைனி. 'நீ போயிச் சாப்பிட்டு வாலே'ன்னு அனுப்பிட்டு அண்ணாச்சி நின்னாக.

ஆறுமுகத்தாய்: சாப்பிட்டியளா?

குருசாமி: மைனி...

ஆறுமுகத்தாய்: கேக்கேன்ல.

குருசாமி: தட்டுல கை வச்சேன். சத்தம் கேட்டுச்சு.

ஆறுமுகத்தாய்: ம்...

குருசாமி: விசாரணைக்கு வந்தவுக, பட்டனத் தட்டினது யாருன்னு கேட்டாக. பேச்சிக்கு அப்ப ஏழாம் மாசம். நான்... அண்ணாச்சின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். செத்தவுகளுக்கு இனிமே வேலையா போகப்போகுதுன்னு நெனச்சேன். பேரு போகும்னு நெனைக்கல. உங்க மாமனார நெனைக்கல.

ஆறுமுகத்தாய்: பேச்சிக்குத் தெரியுமா?

குருசாமி: தெரியாது. நடந்தத அப்படியே ஆபீசுக்கு எழுதிக் கொண்டாந்திருக்கேன். நீங்க ஒரு வார்த்த சொன்னா, சங்கரங்கோயில் தபாலாபீசுலயே போட்டுட்டுப் போறேன். ஏசுங்க மைனி. செருப்பால அடிங்க.

ஆறுமுகத்தாய்: அவரக் கொண்டாந்து காரியமெல்லாம் முடிஞ்ச எட்டாம் நாளு, அவர் போட்ட கடுதாசி வந்துச்சு தம்பி. மோட்டார் எரிஞ்ச அன்னைக்கு எழுதினது. 'குருசாமி பயத்துல தட்டிட்டான். பேச்சி பிள்ளத்தாச்சி. கேட்டா நான்தான் தட்டினேன்னு சொல்லப்போறேன், நீ யாருகிட்டயும் மூச்சு விடாத'ன்னு. பெத்தவரு கெடந்து அழுதப்பகூட மூச்சு விடாம இருந்துட்டேன். இப்பவும் தெரியாதவ மாதிரிதான் உங்ககிட்டக் கேட்டேன்... நீங்க போயி அத இன்னைக்கே தபால்ல போடுங்க. அவரு என் வாயத்தான் கட்டிட்டுப் போனாரு. உங்க வாயக் கட்டலியே.