பச்சையிலேயே நின்ற திரை

திரையில் பச்சை நிறத்தை ஒழுங்காகக் கொண்டுவருவது லேசான வேலையில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கொஞ்சம் கூடினால் கிளிப்பச்சை ஆகிவிடும், கொஞ்சம் குறைந்தால் பாசி பிடித்த தொட்டி மாதிரி இருக்கும். பார்த்தவுடன் பயமில்லை என்று மனதில் பட வேண்டும். அதற்கே எனக்கு மூன்று நாள் பிடித்தது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் பெயர் கஜேந்திரன். பதுளையில் அப்பாவின் கடைக்கு மேல்மாடியில் மின்னணுச் சாமான்கள் செய்து கொடுக்கிறேன். போன வருடம் ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் செண்பகத் தேயிலைத் தோட்டத்துக்கு ஓர் எச்சரிக்கைப் பெட்டி செய்யச் சொன்னார்கள். அங்கே கீழ் டிவிசனில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் பின்னால் ஒரு சரிவு. மழை கூடினால் மண் இறங்கும். இது அங்கே பிறந்த நாய்க்குட்டிக்கும் தெரியும், தோட்டக் கம்பெனிக்கு மட்டும் நூறு வருடமாகத் தெரியாது. தெரிந்ததும் வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுக்கலாமா என்று ஆழமாக யோசித்து, அதைவிடப் பெட்டி நல்லது என்று முடிவெடுத்தார்கள். மண்ணுக்குள் ஈரத்தை அளக்க ஒரு சென்சர், காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒரு திரை. பச்சை என்றால் வீட்டில் இருக்கலாம், சிவப்பு என்றால் ஓட வேண்டும்.

பெட்டி வருவதற்கு முன் அந்த மக்களைக் காப்பாற்றியது ஒரு சோடாப் போத்தல். கொழுந்து பறிக்கும் கலாராணி அக்கா யாரோ ஓர் அதிகாரி சொல்லிக்கொடுத்தபடி போத்தலின் கழுத்தை வெட்டி, நகப்பூச்சால் கோடு போட்டு வாசலில் வைத்திருந்தார். மழைத்தண்ணீர் கோட்டைத் தொட்டால் அவருடைய கணவர் வீரய்யா தப்புப் பறையை எடுத்து அடிப்பார். காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிடும் அதே தப்புதான், ஆனால் இதற்கு வேறு அடி. கேட்டதும் பிள்ளை குட்டியோடு எல்லாரும் மேலே பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுவார்கள். மண் இறங்காத நாட்களில், வேலை நின்றுபோனதே என்று தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு வயிறு எரியும். ஒன்பது வருடத்தில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. இருந்தாலும் நகப்பூச்சைத் தொழில்நுட்பம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நான் வாங்கியது உள்ளங்கை அளவு சர்க்யூட் போர்ட். அதில் திரையை மாட்டினேன். முதலில் படம் தலைகீழாக வந்தது, திருப்பினேன். இடது மூலையைத் தொட்டால் வலது மூலை அசைந்தது, அதையும் சரிசெய்தேன். போர்ட்டோடு வந்த டெமோவில் முள் ஆடும் வட்டம், ஏறி இறங்கும் கோடு, கடிகாரம் எல்லாம் இருந்தன. எழுத்துகளைத் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மாற்றினேன். முள் ஆட எண்கள் வேண்டுமே. பெப்ரவரியில் வெயிலடித்த ஏழு நாட்களின் கணக்கை மாதிரிக்கு உள்ளே எழுதிவைத்தேன். திரை அதையே திரும்பத் திரும்பக் காட்டியது.

கடைசியாக சென்சரை மாட்டப்போனேன். போர்ட்டில் திரை பிடித்துக்கொண்ட அதே இணைப்புப் பின்களைத்தான் சென்சரும் கேட்டது. ஒன்று திரை வேலை செய்யும், இல்லாவிட்டால் சென்சர் வேலை செய்யும். இரண்டும் வேண்டுமென்றால் இன்னொரு சின்னப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர ஒரு மாதம் ஆகும். திறப்பு விழாவோ வியாழக்கிழமை. நியாயமாகச் சொல்லுங்கள், கொழும்பிலிருந்து வளைந்து வளைந்து, வாந்தியெடுத்து வருகிற பெரியவர்கள் மண்ணுக்குள் புதைத்த கம்பியைப் பார்க்கவா வருகிறார்கள்? சென்சரைக் கழற்றி அலமாரியில் வைத்தேன்.

விழா நன்றாக நடந்தது. ரிப்பன் வெட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்க, கலாராணி அக்கா முன்னால் வந்தார்.

"சார், இங்க மழ கொட்டுது. ஒங்க பெட்டி வெயிலுங்குதே?"

களமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குச் சுட்டது, மறைக்கவில்லை.

"அக்கா, இது வெளிய பெய்யிற மழைய பாக்காது. மண்ணுக்குள்ள எறங்குன தண்ணியத்தான் பாக்கும்."

"அப்புடீங்களா சார்? எங்களுக்கு என்னா தெரியும்," என்று அவர் பின்னால் போய்விட்டார். அவ்வளவு அழகான பதில் என் வாயில் எப்படி வந்தது என்று எனக்கே பெருமையாக இருந்தது. போத்தல் ஒன்று சொல்ல, பெட்டி வேறொன்று சொன்னால் மக்கள் குழம்புவார்கள் என்று துரையிடம் எடுத்துச் சொன்னேன். அவர் இதற்குத்தான் காத்திருந்தார். பெட்டி சிவப்பாகாமல் தப்பு அடிக்கக் கூடாது, அடித்தால் வேலை போகும் என்று அன்றைக்கே பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்டினார்கள்.

பாகம் சொன்னபடி ஒரு மாதத்தில் வந்தது. மாட்ட அரை மணிநேரம் போதும். ஆனால் திறந்துவைத்த பெட்டியை மறுபடியும் திறந்தால், ஏன் தம்பி என்று யாராவது கேட்பார்கள். அதற்குள் கொழும்பில் அந்தப் பெட்டியின் பெயரை ஒரு பரிசுக்கு வேறு கொடுத்துவிட்டார்கள். பாகம் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நவம்பரில் மூன்று நாள் விடாமல் பெய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரைக்கு எனக்குத் தொலைபேசி வந்தது.

"சார், நான் கலாராணி, கீழ் டிவிசன். போத்தலு நெறஞ்சு வழியுதுங்க. லயத்துக்குப் பின்னால சேத்துத் தண்ணி வருது. இவரு தப்போட களத்துல நிக்கிறாரு. அடிக்கச் சொல்லவாங்க?"

அந்தப் போத்தலை இன்னும் எடுக்கவில்லையா என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு யோசித்தேன். பதறவில்லை, நிதானமாகத்தான் யோசித்தேன். மறுநாள் பரிசுக் குழு வருகிறது. பெட்டி பச்சை காட்ட, டிவிசன் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தால் என்ன கேட்பார்கள்? மண் இறங்காமலும் போகலாம். பல தடவை இறங்காமல் போயிருக்கிறது.

"பெட்டி என்ன காட்டுதுக்கா?"

"பச்சதாங்க."

"அப்ப வீட்டிலேயே இருங்க. அடிக்க வேணாம்."

"சரிங்க சார். நீங்க சொன்னா சரி. புள்ளைங்களும் குளுருல நடுங்குது, வீட்டுக்குள்ளயே வச்சிக்கிறேன்."

பதினொன்று இருபதுக்குச் சரிவு இறங்கியது. இரண்டு லயம். பதினான்கு பேர், அதில் அக்காவும் அவருடைய இரண்டு பிள்ளைகளும். வீரய்யா மட்டும் திரைக்கு முன்னால் தப்பை வைத்துக்கொண்டு, அது சிவப்பாகட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றதால் பிழைத்தார்.

இல்லை ஐயா, என்னை யாரும் பிடித்துவரவில்லை. இன்று காலைப் பத்திரிகை பார்த்துவிட்டு நானாகத்தான் வந்தேன். "எச்சரிக்கைத் திரையில் தொழில்நுட்பக் கோளாறு" என்று போட்டிருக்கிறார்கள். எந்தப் பொறியியலாளரைக் கேட்டு எழுதினார்களோ தெரியாது. அந்தத் திரை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. நான் சொன்னதைத்தான் கடைசிவரை காட்டியது. வெயில் கணக்கை எழுதியது நான், சென்சரைக் கழற்றியது நான், தப்பை நிறுத்தியது நான், அன்று காலை தெரிந்துகொண்டே இருக்கச் சொன்னதும் நான். பதினான்கு பேரையும் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அந்தக் கோளாறு என்ற சொல்லை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.