அரை மணி கழித்துக் கூப்பிடு

காப்பியில் சர்க்கரை இல்லாததற்கு மன்னியுங்கள், ஷெரிஃப். ஒற்றை ஆள் இருக்கும் வீட்டில் சர்க்கரை வாங்கி வைத்தால் கட்டிபிடித்துப் போகிறது.

மாரிட்டைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? வடக்கு டகோட்டாவின் இந்த மூலைக்கு என் பிரசவ விடுதி ஒன்றுதான். அதில் ஒன்பது வருடம் மருத்துவச்சியாக இருந்தாள். கைராசிக்காரி. மத்தியானம் எதிரே உட்கார்ந்து என் சமையலைக் கேலி செய்வாள். "ஆர்லிஸ், உங்க உருளைக்கிழங்கு ஹாட்டிஷை வெச்சு செவுரே கட்டலாம்" என்பாள். என்னைக் கேலி செய்ய வேறு யாரும் இல்லை.

விலகித் தனியாகத் தொழில் செய்யப்போகிறேன் என்று ஒரு நாள் சொன்னாள். வேலையில் சேர்ந்தபோது போட்ட கையெழுத்தை நினைவூட்டினேன். விலகினால் இரண்டு வருடத்துக்கு, சுற்றி ஐம்பது மைலுக்குள் பிரசவம் பார்க்கக் கூடாது. மீறினால் வீடு வாசல் போய்விடும் என்று நோட்டீஸும் அனுப்பினேன். அடிக்கிற கைதான் அணைக்கும். பயந்து திரும்பி வருவாள் என்று இருந்தேன். அவளோ தீவனக் கடையில் மூட்டை அடுக்கப் போனாள், என்னோடு பேச்சையே விட்டாள். அது எனக்கு மிகவும் வலித்தது.

ஜனவரியில் பனிப்புயல் அடித்த அன்று மத்தியானம் தொலைபேசி மணி அடித்தது. அவள் குரல்.

"பக்கத்துப் பண்ணை கைலாவுக்கு வலி எடுத்திருச்சு, ரத்தமும் போகுது. ஆம்புலன்ஸ் வர வழியில்ல. நான் போறேன். கேஸ் போட மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஆர்லிஸ், உங்க கால்ல விழறேன். அந்த நோட்டீஸைப் பாத்தே எங்க வீட்டுக்காரர் படுத்துட்டாரு. இருக்கிறது அந்த ஒரு வீடுதான்."

"யோசிக்கணும். அரை மணி கழிச்சுக் கூப்பிடு" என்றேன்.

கூப்பிட்டாள். அழுதாள். "சரி, போ" என்றேன். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. அதற்குள் இரண்டு பண்ணைகளுக்கும் நடுவே பாதையைப் பனி மூடிவிட்டது. கைலாவும் குழந்தையும் பிழைக்கவில்லை.

ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்கிறீர்கள். எதற்கு? இந்த மாநிலத்தில் அப்படி எழுதி வாங்கினால் செல்லாது. வேலையை விட்டவள் அடுத்த வாசலிலேயே தொழில் செய்யலாம். அச்சடித்த காகிதத்துக்குக்கூடப் பெறாது என்று நோட்டீஸ் அனுப்பிய அன்றைக்கே என் வக்கீல் சொல்லிவிட்டார். மாரிட்டுக்குத்தான் தெரியாது.

அவள் முதலில் கூப்பிட்டபோதே அதைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் இரண்டாவது தடவை கூப்பிட்டிருக்க மாட்டாளே.