வேதநாயகத்தை நான் இளைக்க வைத்தது

காலையில் வெறும் வயிற்றோடு நடப்பது உடம்புக்கு நல்லது, சாமி. இதை நான் சொல்லவில்லை. ரயிலில் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு பக்கத்து ஊரான மண்டபத்துக்குப் போன என் மச்சான் வேதநாயகத்திடம் அங்குள்ள டாக்டர் சொன்னது. பாவசங்கீர்த்தனத்தில் எதையும் ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மாதா சப்பரத்தின் முன் வலது தண்டைச் சுமப்பது பாம்பனில் வேதநாயகத்தின் வீட்டு உரிமை. கோயிலில் தோள் கொடுத்தவன் கடற்கரைக்குப் போய்த் திரும்பும்வரை இறக்கக்கூடாது. இறக்கினால் உரிமை அவன் தங்கை புருஷனுக்குப் போய்விடும். அந்தத் தங்கை புருஷன் சிலுவைமுத்து, அதாவது நான். போன வருடத் திருவிழாவில் வேதநாயகம் பாதி வழியில் மூச்சிரைத்து இறக்கச் சொல்லிவிட்டான். நாற்பத்தெட்டு வயது, ஏறினால் வள்ளம் ஒரு பக்கம் சாயும் உடம்பு. நீங்கள் இரக்கப்பட்டு ஒரு வருடம் கெடு கொடுத்தீர்கள்.

எனக்கு வருத்தமே இல்லை. நானே அவனைப் பழக்குகிறேன் என்று முன்வந்தேன். பத்து நாளில் ஓடிப்போவான் என்று நினைத்தது உண்மைதான். நினைப்பது பாவமாகாது.

தினமும் விடிந்ததும் மணலில் ஓட்டம், அப்புறம் தண்டால், அப்புறம் நீச்சல். நான் கவிழ்த்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டித் தண்டாலை எண்ணுவேன். மாலையின் ஐம்பத்து மூன்று மணியும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. எண்ணுவதும் களைப்பான வேலைதான். என் மனைவி புஷ்பமேரி எங்கள் இருவருக்கும் கொடுத்துவிடும் ஆப்பத்தையும் மீன் குழம்பையும் நான் ஒருவனே முடித்துவிடுவேன். அவன் தின்றால் பட்ட பாடு வீணல்லவா?

"மச்சான், இன்னைக்கி இம்புட்டுப் போதும்யா, செத்துருவேன் போல இருக்கு" என்பான்.

"மாதாவுக்காகச் செய்யி" என்பேன். செய்தான். அதுதான் தொல்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் முடிவதற்குள் தொப்பை போன இடம் தெரியவில்லை. திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது உப்பு மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சிரித்தபடி ஓடினான். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

திருவிழா அன்று விடியலில், கடைசிப் பயிற்சி என்று சொல்லி வள்ளத்தில் எதிரே உள்ள மணல் தீவுக்குக் கூட்டிப்போனேன். தீவைச் சுற்றி ஓடிவரச் சொன்னேன். அவன் மறுபக்கம் திரும்பியதும் வள்ளத்தின் பாயை விரித்து நான் கரைக்கு வந்துவிட்டேன். ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் வந்தேன். சாயங்காலம் போய் அழைத்து வந்திருப்பேன். இல்லாவிட்டால் மறுநாள்.

"எங்கண்ணன எங்கன விட்டுட்டு வந்தீக?" என்றாள் புஷ்பமேரி.

"சொமக்கப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டான்" என்றேன். அவமானத்தில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. இருந்தாலும் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன்.

மீதியை நீங்களே பார்த்தீர்கள். கடற்கரையை எட்டியதும் என் முழங்கால் ஆடத் தொடங்கியது. ஒரு வருடமாக உட்கார்ந்தபடியே இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்ட உடம்பு அது. சப்பரம் சரிந்தது. பெண்கள் அலறினார்கள். அப்போது கடலுக்குள்ளிருந்து வேதநாயகம் எழுந்து வந்தான். ஒரு மைலுக்கு மேல் நீந்தி வந்தவனுக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. "தள்ளிக்க மச்சான்" என்று தோளைக் கொடுத்தான். சப்பரம் நிமிர்ந்து கோயிலுக்குத் திரும்பியது.

அவனைத் தீவில் விட்டது நான்தான். பொய் சொன்னதும் நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால், சாமி, பாம்பன் முழுக்க அவன் நீந்தி வந்ததையே பேசுகிறது. அப்படி நீந்துகிற உடம்பை அவனுக்கு உண்டாக்கிக் கொடுத்தவனைப் பற்றி ஒருத்தர் வாயிலும் பேச்சில்லை. பரவாயில்லை, அவர்களையெல்லாம் நான் மன்னித்துவிட்டேன்.