புதன்கிழமை இல்லாத கார்டு

— மாத்திரையை இங்கன வச்சுட்டுப் போங்க நர்சம்மா. பாப்பா தூங்குறா. எந்திரிச்சதும் நானே குடுத்துடுறேன்.

— நான் பாக்க முழுங்கணும் அண்ணாச்சி, அதான் உத்தரவு. ஒண்ணாப்புல முப்பத்திரெண்டு பிள்ளைக. முப்பது பேரு ஸ்கூல்லயே முழுங்கியாச்சு. உங்க பிரீத்திகா ஒருத்திதான் பாக்கி.

— கணக்கு இடிக்குதே. முப்பத்தொண்ணுல்ல முழுங்கியிருக்கணும்?

— அழகுமீனாவைக் கழிச்சுட்டேன்.

— ம்.

— வகுப்புல தொண்டை அடைப்பான்ல ஒரு பிள்ளை போயிருச்சுன்னா, மிச்சப் பிள்ளைக எல்லாத்துக்கும் மாத்திரை குடுத்தே ஆகணும். நீங்க அன்னைக்கு ஸ்கூலுக்கு அனுப்பவே இல்லையே?

— கேதத்துக்குல்ல போயிருந்தோம். பாண்டிமீனா நம்ம பிரஸ்ல பைண்டிங்ல பன்னெண்டு வருஷமா இருக்கா. அவ மகளும் எம் மகளும் ஒரே பெஞ்சு. நாந்தான் சிபாரிசு பண்ணி அந்த ஸ்கூல்ல சீட்டு வாங்கிக் குடுத்தேன். ஆறு வயசுப் பிள்ளையைக் குழிக்குள்ள வச்சதைப் பாத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. சத்தியமா இறங்கல.

— எனக்கும் அப்படித்தான். இருபத்தாறு வருஷமா ஊசி போடுறேன். இந்த நோக்காட்டை ரெண்டே தடவதான் பாத்திருக்கேன். இது மூணாவது. அட, கரண்டு போயிருச்சே.

— மழை தூறுனாலே புடுங்கிருவான். மிஷினும் நின்னுருச்சு. ஜன்னல் பக்கமா உக்காருங்க, வெளிச்சம் இருக்கும்.

— மிஷின் நின்னதும்தான் கேக்குது. உள்ள யாரோ நடக்காக.

— பாப்பாவா இருக்கும்.

— தூங்குதுன்னீகளே?

— எந்திரிச்சிருப்பா.

— அண்ணாச்சி, அந்தக் கதவுக்கு அடியில பாருங்க. என்னமோ தாளு வெளிய வருது.

— ஒண்ணுமில்ல, குடுங்க இங்கன. வெளையாட்டு.

— இருங்க. தினசரி காலண்டர் தாளுல்ல இது? அடுத்த வருஷம், ஜனவரி பதினாலு. பின்னால பென்சில்ல எழுதியிருக்கு. "அழகுமீனா எம் பக்கத்துல உக்காந்திருக்கா. சத்தம் போடாதீக." ஆத்தீ! என்ன அண்ணாச்சி இது?

— கழிச்சுப் போட்ட தாளு ரூமுக்குள்ள கட்டுக்கட்டா கெடக்கு. அதுல கிறுக்குறா. சின்னப் பிள்ளைதானே.

— பாவம். கூட்டாளி செத்துட்டான்னு அதுக்குச் சொல்லத் தெரியல. நல்லவேளை, உங்க பிள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டிருக்கு.

— எல்லாம் பக்கா. ஸ்கூல்ல குடுத்த கார்டே சொல்லும். ஒரு பிசகு இருக்காது.

— போட்ட பிள்ளைன்னா எனக்குப் பாதிப் பயம் போயிரும். நூத்துக்கு நூறுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். இந்த வகுப்புலயே ஊசி போட்ட பிள்ளைக ரெண்டு பேருக்குத் தொண்டையில கிருமி இருந்துச்சு. ஆனா ஒண்ணுக்கும் மூச்சு முட்டல. ரெண்டும் இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஓடிப்புடிச்சு வெளையாடுது.

— சரி, சந்தோசம். அப்ப மாத்திரையைக் குடுங்க.

— குடுக்கேன். அதுக்கு முன்னால உங்ககிட்ட ஒரு ஒத்தாசை. நீங்க காலண்டர் போடுற ஆளு. எந்தத் தேதியைச் சொன்னாலும் கிழமை சொல்லுவீகளாமே? கடைவீதி பூராம் பேச்சு.

— அது எங்கப்பா பழக்குனது. முப்பது வருஷத்துப் பஞ்சாங்கம் மண்டைக்குள்ள இருக்கு. கேளுங்க.

— ரெண்டாயிரத்துப் பத்தொன்பது. பிப்ரவரி பத்து.

— ஞாயித்துக்கெழமை. வளர்பிறைப் பஞ்சமி. நல்ல நாள்.

— அடேங்கப்பா. அதே வருஷம் மார்ச் பதினொண்ணு?

— திங்கள். அதுவும் வளர்பிறைப் பஞ்சமி. என்ன, கல்யாணப் பேச்சா?

— ஏப்ரல் பன்னெண்டு?

— வெள்ளிக்கெழமை, சப்தமி. மூணும் கையை வச்சா வெளங்குற நாளாப் பாத்துக் கேக்கீகளே. யாரு எடுத்துக் குடுத்த நாளு?

— அதைத்தான் நானும் ரெண்டு நாளாத் தேடுறேன். இது அழகுமீனா கார்டு அண்ணாச்சி. ஆறாவது வார ஊசி, பத்தாவது வாரம், பதினாலாவது வாரம். எங்க சென்டர்ல ஊசி நாளு புதன்கெழமை. இருபத்தாறு வருஷமாப் புதன்கெழமை. இன்னைக்கும் முடிச்சுட்டு இந்த ஊசிப் பொட்டியோடதான் வாரேன். தனியார் ஆஸ்பத்திரின்னா எந்த நாளும் போடுவாக. இதுல இருக்கது எங்க சீல். ஞாயித்துக்கெழமை எங்க சென்டர் பூட்டிக் கெடக்கும். ஆடு படுத்திருக்கும் அங்கன.

— பாண்டிமீனா எங்கயாச்சும் வாங்கியிருப்பா.

— அவ கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கா. தலையைக் குனிஞ்சுக்கிட்டே இருக்கா. நான் மொதல்ல உங்க பிரஸ்ல எவனோ வேலைக்காரன் செஞ்சிருப்பான்னு நெனச்சேன். ஆனா பொய்த் தேதி எழுதும்போதுகூட அஷ்டமி, நவமியைத் தள்ளிட்டு எழுதுற கை எத்தனை பேருக்கு இருக்கும், சொல்லுங்க?

— நர்சம்மா, மெதுவாப் பேசுங்க.

— நீங்கதானா?

— நான் நல்லதுதான் நெனச்சேன்! புதன்கெழமை ஊசிக்குப் போனா அவளுக்கு ஒரு நாள் சம்பளம் போயிரும். வெம்பக்கோட்டையில இருந்து வேன்ல வர்றவ. லீவு கேக்கச் சங்கடப்பட்டு, அப்படியே விட்டுட்டா. ஸ்கூல்ல கார்டு இல்லாம சீட்டு இல்லைன்னாக. அச்சடிக்கிற எனக்கு ஒரு கார்டு என்ன பெரிய வேலையா? ஒரு பிள்ளை நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்னு செஞ்சேன்.

— நீங்க அவளுக்கு ஒரு புதன்கெழமை லீவு குடுத்திருக்கலாம் அண்ணாச்சி. அந்தக் கார்டு என்ன செஞ்சது தெரியுமா? பிள்ளைக்குத் தொண்டை வலின்னு பாண்டிமீனா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா. டாக்டர் கேட்ட மொதக் கேள்வி, ஊசியெல்லாம் போட்டாச்சான்னு. இவ கார்டை நீட்டுனா. டாக்டர் பாத்தாரு. எல்லாக் கட்டமும் நெறஞ்சிருக்கு. அப்ப இது சாதாரணத் தொண்டைப் புண்ணுதான்னு மருந்து குடுத்து அனுப்பிட்டாரு.

— போடலைன்னு சொல்ல வேண்டியதுதானே பாவி மக?

— சொன்னா முதலாளி மாட்டிக்கிடுவாருன்னு வாயை மூடிக்கிட்டா. இந்த நோக்காட்டு விஷத்தை முறிக்க ஒரு மருந்து இருக்கு. மொத ரெண்டு நாளுக்குள்ள ஏத்திட்டா அநேகமாப் பிள்ளை தப்பிச்சுக்கிடும். அழகுமீனாவுக்கு அஞ்சாம் நாள் ஏத்துனாக. அதுக்குள்ள நெஞ்சுக்கு ஏறிருச்சு.

— அய்யோ.

— அழுங்க. அழ வேண்டியதுதான். எனக்கு உங்க மேல வர்ற ஆத்திரத்துக்கு நானும் சேந்து அழுதுருவேன்.

— இன்னொரு தாளு வருது.

— குடுங்க, நான் படிக்கேன். "அழகுமீனா சிரிக்கா. அவ சிரிக்கலாமாம். நான்தான் சிரிக்கக் கூடாதாம்." அண்ணாச்சி, கதவைத் தொறங்க, பிள்ளையைப் பாப்போம்.

— சாயங்காலம் பாத்துக்கலாமே.

— அதென்ன கதவுக்கு வெளிப்பக்கம் தாப்பா? நிலையில வேப்பங்கொலை வேற?

— எம் வீட்டுக்காரி ஐஸ்வர்யா கட்டுனது. அவ பூசாரியைக் கூட்டியாரப் போயிருக்கா. அவரு வர்ற வரைக்கும் கதவைத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா.

— பூசாரி எதுக்கு? அண்ணாச்சி, என் மூஞ்சியைப் பாருங்க. அழகுமீனா கார்டு மட்டுந்தான் நீங்க போட்டதா?

— நர்சம்மா...

— பிரீத்திகா கார்டை எடுங்க. எடுங்கங்கேன்!

— அந்த மேசை டிராயர்ல, மேலயே இருக்கு.

— மார்ச் நாலு, திங்கள். ஏப்ரல் எட்டு, அதுவும் திங்கள். இதுலயும் மொத ஊசிக்குப் பெறகு ஒரு புதன்கெழமை இல்லையே. ஆத்தீ, பெத்த பிள்ளைக்கேவா?

— ஒன்றரை மாசத்துல மொத ஊசி நெசமாவே போட்டோம். அன்னைக்கு நூத்திமூணு காய்ச்சல். தொடை கல்லு மாதிரி. பிள்ளை வீல்வீல்னு கத்துது. போன்ல வேற கண்டதையும் அனுப்புறானுக, ஊசி போட்டு முடங்குன பிள்ளை, செத்த பிள்ளைன்னு. ஐஸ்வர்யா எந்தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா, இனி ஒரு ஊசி கிடையாதுன்னு.

— காய்ச்சல் வரும். தொடை வீங்கும். ரெண்டு நாள்ல இறங்கிரும். ஒடம்பு நோக்காட்டை அடையாளம் பாத்துக்கிடுது, அம்புட்டுதான். பத்து லட்சத்துல ஒரு பிள்ளைக்குப் பெருசா ஏதும் வரலாம். அதுக்குத்தான் போட்டதும் அரை மணி நேரம் உக்கார வச்சு, கையில மருந்தோட நாங்க காவல் இருக்கோம். பட்டாசு ஆபீஸ்ல ஒடம்புல இருக்க கரண்டு இறங்கட்டும்னு வாசல்ல செம்புத் தகட்டைத் தொட்டுட்டு உள்ள போறாகளே, பயந்துக்கிட்டா? வெடிக்காம இருக்கத்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?

— இப்பப் போடுங்க. அந்தப் பொட்டியில மருந்து இருக்குல்ல? இப்பவே போட்டுருங்க, நான் புடிச்சுக்கிறேன்.

— போடலாம், பிள்ளை நல்லா இருந்தா. பூசாரி எதுக்குன்னு கேட்டேன்.

— சொன்னா சிரிப்பீக.

— நான் சிரிக்கிற நெலைமையிலயா இருக்கேன்?

— ரெண்டு பேரும் ஸ்கூல்ல ஒரு ஆட்டம் ஆடுவாளுக. யாரு மொதல்ல பேசுறாளோ அவ தோத்தா. கடைசியா அழகுமீனா ஸ்கூலுக்கு வந்த அன்னைக்கு, அவ நாள் பூராம் பேசலையாம். சைகைதான் காட்டுனாளாம். இவளும் பேசாம இருந்துட்டு வீட்டுக்கு வந்துதான் வாயைத் தொறந்தா. பெறகு அவ போயிட்டா.

— பெறகு?

— ஞாயித்துக்கெழமை இவ திடுதிப்புன்னு பேச்சை நிப்பாட்டிட்டா. ஏன்டான்னு கேட்டா, தாளை எடுத்து எழுதுறா. "அழகுமீனா ஆட வந்திருக்கா"ன்னு. ஐஸ்வர்யா பயந்து நடுங்கிட்டா. செத்த பிள்ளை ஆட்டத்தை முடிக்க வந்திருச்சுன்னு சொல்றா. ஆரம்பத்துல நான் நம்பல. வீட்டுல ஆள் இல்லாத எடத்தைப் பாத்துப் பிள்ளை தலையாட்டுறதைப் பாத்தா நம்பாம என்ன செய்யிறது?

— ஞாயித்துக்கெழமையில இருந்தா? இன்னைக்குப் புதன்!

— ஆமா.

— சாப்பாடு?

— தொடுறதே இல்ல. ஐஸ் குச்சி குடுத்தா சப்புறா. அழகுமீனாவும் சாப்பிடலையேன்னு எழுதுறா.

— கழுத்து? கழுத்து வீங்கியிருக்கா?

— தெரியல. துண்டைச் சுத்திக்கிட்டே இருக்கா, குளுருதுன்னு. ஏன் இப்படிக் கேக்கீக?

— அண்ணாச்சி, அழகுமீனா அன்னைக்கு ஆட்டம் ஆடல. இந்த நோக்காடு தொண்டையில இறங்குனா மொதல்ல போறது குரல். ஆள் இல்லாத எடத்துல ஆள் தெரியுதுன்னா அது காய்ச்சல்.

— இல்ல. இல்ல நர்சம்மா, இது ஆட்டம். எழுதியே காட்டுனா, நான் படிச்சேன்.

— தாப்பாளை எடுங்க. ஹலோ, சார், நர்ஸ் சுப்புத்தாய் பேசுறேன். ஆறு வயசுப் பொம்பளைப் பிள்ளை, அழகுமீனா பெஞ்சு. ஆமா சார், குரல் போய் மூணு நாள். கார்டைக் கேக்காதீக சார், கார்டு பொய். ஊசி ஒண்ணே ஒண்ணுதான் போட்டிருக்கு. விஷமுறிவு மருந்தை எடுத்து வைக்கச் சொல்லுங்க, வண்டியை இப்பவே அனுப்புங்க. அண்ணாச்சி, என்ன பாத்துக்கிட்டு நிக்கீக? தாப்பாளை எடுங்க!

— பாப்பா, ஏ பாப்பா, அப்பா வந்துட்டேன்டா. நீ பேசு. ஒரே ஒரு வார்த்தை பேசு. நீ தோத்தாலும் பரவாயில்லடா.

— தள்ளுங்க, நான் எடுக்கேன். காலுக்கடியில தாளைப் பாருங்க, மிதிக்கீக. இப்பத்தான் தள்ளியிருக்கு. என்ன எழுதியிருக்கு?

— "அப்பா, நான் தோத்துட்டேன்னு காலையிலயே அழகுமீனாகிட்ட சொல்லப் பாத்தேன். வாயைத் தொறக்கேன், சத்தம் வரமாட்டேங்கு."