இப்ப நீ சொல்லு

மத்தியானம் இரண்டு மணி. கொள்ளிடக் கரையோரச் சாலை. மே மாதத்து வெயில்... ஒரு நாய்கூட நிழலை விட்டு எழவில்லை.

என்ன சிரிக்கிறீர்கள்? பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? உச்சி வெயிலில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் தனியாக நடந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சாரல் உள்ளே அடிக்கிறது, அந்த வாசல் கதவை ஒருக்களித்து வையுங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது, கே.கே. நகர் முழுக்க இருட்டு. ஜேக்கப் தன் தங்கை சுஜாவின் போனில் டார்ச்சைப் போட்டு நடுவில் வைத்திருக்கிறான். பத்தாம் வகுப்பு படிக்கிற அவளுக்கு நாளைக்குக் கணக்குப் பரீட்சை, உள்ளறையில் போய்ப் படுத்துவிட்டாள். நமக்கு இந்த வெளிச்சம் போதும்.

நடந்தது ஊர் பேர் தெரியாத யாருக்கோ இல்லை. இதே ஜேக்கப்பின் அத்தை மகள் பிரான்சிக்கு. பொய் என்றால் அவனே சொல்லட்டும்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பிரான்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி இறங்கி, அந்தக் கரைச் சாலையில் தனியாக நடந்துபோனாள். ஆபீஸில் ஒருவரும் இல்லை. சாவி அவள் கையில். ஆபீஸ் என்றால் பெரிய கட்டடம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், வாடகைக்கு எடுத்த ஒரு மாடி வீடு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் நடத்தும் கம்பெனி அது. டீச்சர்கள் வந்து பேசிப் பதிவு செய்துவிட்டுப் போவார்கள். அதை ஒழுங்கு பண்ணி வெப்சைட்டில் ஏற்றுவது பிரான்சியின் வேலை. எது முதல் பாடம், எது அடுத்தது, எதற்குக் கீழே எந்தக் கேள்வி, யார் பெயர், என்ன தலைப்பு... மளிகைக் கடையில் சரக்கு அடுக்குவதைப் போலத்தான். மாற்றி வைத்தால் தேடி வந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்பிவிடும்.

அந்தக் கடையில் அதிகம் ஓடிய சரக்கு, இருதயமேரி டீச்சரின் கணக்குப் பாடம்.

ரிட்டயர் ஆன டீச்சர். சரியான பிடிவாதக்காரி. பச்சை போர்டையும் சாக்பீஸையும் தவிர வேறெதையும் தொட மாட்டார். ஆனால் சாக்பீஸ் தூசி ஒத்துக்கொள்ளாது, கைக்குட்டையில் நீலகிரித் தைலம் தெளித்து வைத்திருப்பார். பதிவு நடக்கும்போது ஃபேனை நிறுத்தி ஜன்னலை அடைத்துவிடுவார்கள் இல்லையா, அந்த அறை முழுக்கத் தைல வாசனைதான்.

அவருக்கு ஒரு வழக்கம். எந்தக் கணக்கைப் போட்டாலும் பாதியில் நிறுத்தி, “இப்ப நீ சொல்லு” என்பார். சொல்லிவிட்டு கேமராவையே பார்த்துக்கொண்டு நிற்பார். பேச்சில்லை... அசைவில்லை... எதிரே பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் போலவே காத்திருப்பார். பிறகு சாக்பீஸால் போர்டு ஓரத்தில் இரண்டு தட்டு. டக்... டக். அதற்கப்புறம்தான் விடை.

ஆரம்பத்தில் பிரான்சிக்கே அது பிடிக்கவில்லை.

“டீச்சர், போன்ல பாக்குற பிள்ளைங்க இவ்ளோ நேரம் பொறுக்க மாட்டாங்க. தள்ளிவிட்டுட்டுப் போயிடுவாங்க. அந்த இடத்தை மட்டும் வெட்டிடறேன்.”

“பாடத்தை வேணா வெட்டு. அந்த இடத்தைத் தொடாத. அங்கதான் பிள்ளை யோசிக்குது. நான் பேசிக்கிட்டே இருந்தா அது எப்ப யோசிக்கும்?”

வெட்டவில்லை. டீச்சர் சொன்னதுதான் நடந்தது. பிள்ளைகள் அந்த இடத்தில் நிறுத்தி, பாடத்துக்குக் கீழே விடையை எழுதினார்கள். தப்பாக எழுதினார்கள், அடித்துத் திருத்தி எழுதினார்கள். பிரான்சி தோற்றாள். தோற்றதில் அவளுக்கு சந்தோஷம்தான்.

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், டீச்சர் இறந்துபோனார். கடைசிப் பாடம், நிகழ்தகவு, அது ஒன்றுதான் பாக்கி. மறுநாள் வந்து முடித்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனவர். மேலப்புதூர் மாதா கோயிலில் அடக்கப் பூசை நடந்தது. பிரான்சி போய் அழுதுவிட்டு வந்தாள்.

கம்பெனி முதலாளி இளவரசன் அழவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

“செத்தவங்க முகத்தை வெச்சு வியாபாரம் பண்ண முடியாதும்மா. முகத்தை எடுத்துடு, பேரையும் எடுத்துடு. போர்டு மட்டும் தெரியட்டும். குரலை கம்ப்யூட்டர்ல போட்டு எங்க அண்ணன் பையன் குரலா மாத்திடு. இனிமே அவன் பேர்லயே போகட்டும்.”

“சார், பாடம் சொல்லிக் குடுத்தது அவங்க.”

“குடுத்தாங்க, வாங்கிக்கிட்டோம். அப்புறம் அந்த வாய மூடிட்டு நிக்கிற இடமெல்லாம் எதுக்கு? அதையும் வெட்டிடு. திங்கக்கிழமை காலைல எல்லாம் புதுசா இருக்கணும்.”

முடியாது என்று சொல்லப் பிரான்சி வாயெடுத்தாள். ஆனால் அவள் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, அந்த வெயிலில், அந்தச் சாலை.

உட்கார்ந்தாள். முதல் பாடத்தைத் திறந்தாள். டீச்சர் காத்து நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். முகத்தை எடுத்தாள், குரலை மாற்றினாள். பெயரை அழித்து, முதலாளியின் அண்ணன் மகன் பெயரைப் போட்டாள். வெப்சைட்டில் ஏற்றினாள். ஏற்றியதைப் பிள்ளை பார்ப்பதைப் போல ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பது அவள் பழக்கம். காதில் ஹெட்போனை மாட்டினாள்.

அந்தப் பையனின் குரல் கடகடவென்று போனது. பாதிக் கணக்கு...

நின்றது.

நெட் இழுக்கிறது என்று நினைத்தாள். இல்லை. கீழே நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. இந்த இடத்தைச் சற்று முன்பு அவள் கையால் வெட்டி எறிந்திருந்தாள். இப்போது அது திரும்ப வந்திருந்தது. காதுக்குள் சத்தமே இல்லை... அப்படிச் சொல்ல முடியாது. அடைத்த அறைக்குள் ஓர் ஆள் அசையாமல் நின்றால் ஓர் அமைதி இருக்குமே, அது. சேலை உரசுவது... மூச்சு.

டக்... டக்.

ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

டக்... டக்.

சத்தம் ஹெட்போனில் இல்லை. முதுகுக்குப் பின்னால், பூட்டியிருந்த பதிவு அறையிலிருந்து வந்தது. கூடவே, கதவிடுக்கு வழியாக, நீலகிரித் தைலம்.

சிலுவை போட்டுக்கொண்டாள். ஓடியிருக்கலாம், படிக்கட்டு பக்கத்தில்தான். ஓடவில்லை. பயத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது அவளுக்கு. டீச்சர்மேல் இல்லை. தன்மேல், அந்த மனிதர்மேல், இந்த வேலைமேல். எழுந்து போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றாள்.

“நான் என்ன பண்ணட்டும் டீச்சர்? நானும் சம்பளக்காரிதானே.”

பதில் இல்லை. ஆனால் அது பதில் இல்லாத அமைதி இல்லை... பதிலுக்காகக் காத்திருக்கும் அமைதி. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நின்றுகொண்டு தன் முகத்தையே பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. அவசரப்படுத்தவில்லை. அதட்டவில்லை. காத்திருந்தார், அவ்வளவுதான். வெளியே கொள்ளிடத்துக் காற்றுகூட நின்றுபோயிருந்தது.

“வெட்ட மாட்டேன்” என்றாள் பிரான்சி.

டக்... டக்.

அதற்கப்புறம் அவள் பயப்படவில்லை என்று அவளே சொன்னாள். எடுத்ததை எல்லாம் பழையபடி வைத்தாள். டீச்சர் முகம், டீச்சர் குரல், டீச்சர் காத்து நின்ற இடங்கள். ஒவ்வொரு பாடத்துக்குக் கீழும் டீச்சர் பெயரை முன்னைவிடப் பெரிய எழுத்தில் போட்டாள். பதிவே ஆகாத கடைசிப் பாடத்துக்கும் ஓர் இடம் ஒதுக்கி, ‘நிகழ்தகவு, இருதயமேரி டீச்சர்’ என்று தலைப்பு மட்டும் வைத்தாள். உள்ளே வீடியோ எதுவும் கிடையாது. வெறும் இடம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தாள்.

திங்கள்கிழமை காலையில் நடந்ததை ஷஹனாஸ் சொல்லித்தான் கேட்க வேண்டும். பிள்ளைகள் கேட்கும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிற பெண். பக்கத்து மேஜை.

“என்னம்மா இது, பேரு முன்னைவிட இன்னும் பெருசா இருக்கு?” என்றார் இளவரசன்.

“ஆமா சார். நான் வெட்ட மாட்டேன். வேலைய விட்டு நிறுத்தறதுன்னா நிறுத்திக்கோங்க.”

“நீ இல்லன்னா எனக்கு வெட்டத் தெரியாதா? நகரு.”

பிரான்சி நகர்ந்தாள். ஹெட்போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “வெட்டுங்க சார். வெட்டிட்டு ஒரு தடவை கேட்டுப் பாருங்க.”

அவரே வெட்டினார். அவரே காதில் மாட்டிக்கொண்டார். முதலில் இளக்காரமாக ஒரு சிரிப்பு. அப்புறம் சிரிப்பு போனது. ஹெட்போனைக் கழற்றக் கையைத் தூக்கினார், கை பாதியில் நின்றது. ஷஹனாஸுக்கு ஒன்றும் கேட்கவில்லை. “யாரு தைலம் போட்டிருக்கீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

இளவரசன் நாற்காலியை விட்டு எழுந்தார். ஐம்பது வயது மனிதர்... பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, “இருதயமேரி டீச்சர்” என்றார்.

போதவில்லை போலிருக்கிறது. சத்தமாகச் சொன்னார்.

“இருதயமேரி டீச்சரோட பாடம்.”

பூட்டிய அறைக்குள் டக்... டக். இந்தத் தடவை ஷஹனாஸுக்கும் கேட்டது.

அவர் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் படியிறங்கிப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. காதுக்குள் என்ன கேள்வி வந்தது என்று இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. பிரான்சியை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல கதை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் ஒருநாள் ஷஹனாஸ் கேட்டாள். “கடைசிப் பாடத்தை எப்ப ஏத்துன பிரான்சி? எனக்குச் சொல்லவே இல்ல. பிள்ளைங்க எழுதிக்கிட்டே இருக்காங்க பாரு.”

பிரான்சி ஏற்றவில்லை. திறந்து பார்த்தாள். அவள் வைத்த தலைப்பு. அதற்குள் அதே வெறும் இடம். வீடியோ கிடையாது, குரல் கிடையாது. ஆனால் கீழே வரிசையாகப் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். லால்குடியிலிருந்து ஒரு பையன், உறையூரிலிருந்து ஒரு பெண், இன்னும் யார் யாரோ.

‘எட்டில் மூன்று, டீச்சர்.’

‘இப்ப புரிஞ்சிடுச்சு டீச்சர்.’

‘என் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும் டீச்சர்?’

ஷஹனாஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். “அழிச்சிடலாம் பிரான்சி. அந்தப் பக்கத்தையே எடுத்துடலாம்.”

“தொடாத” என்றாள் பிரான்சி. “பாடம் நடந்துக்கிட்டிருக்கு. யார் சொன்னாலும் நான் எடுக்க மாட்டேன்.”

இன்றைக்கும் எடுக்கவில்லை. அந்த இடம் அப்படியேதான் இருக்கிறது.

...பேசாமல் இருங்கள். ஒரு நிமிஷம்.

ஜேக்கப், உள்ளே யார்? சுஜா தூங்கிவிட்டாள் என்றாயே... பேச்சுக் குரல் கேட்கிறதே. நன்றாகக் கேள்.

“எட்டில் மூணு, டீச்சர்.”

போனில் பாடம் கேட்கிறாளாக்கும் என்கிறாயா? அவள் போன் இதோ, நம் நடுவில் எரிந்துகொண்டிருக்கிறது.

டக்... டக்.