ஒட்டுத் தழும்பு

பிச்சிக்கு உச்சி வெயிலில் தண்ணீர் விடக் கூடாது, சார். உங்கள் ஸ்டேஷன் வாசலில் ஒருவர் விட்டுக்கொண்டிருக்கிறார். செடி வளர்க்கத் தெரியாதவர்களைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பு.

ஜெபதாஸ் அந்த ரகம். 2008-இல் சவூதியிலிருந்து வந்து வீடு கட்டினான். கருங்கல் ஊரில் இருக்கும் என் நர்சரிக்கு வந்து ஒட்டு ரம்புட்டான் கன்று கேட்டான். நல்ல தையாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பாலித்தீன் பையோடு நட்டான். கார் கழுவிய சோப்புத் தண்ணீரை ஊற்றினான். பிறகு, “தை வாடுதே அண்ணாச்சி” என்று என்னிடமே வந்து நின்றான். நான்தான் போய்ப் பையைக் கிழித்து மறுபடி நட்டுக் கொடுத்தேன்.

இந்த வருடம் மரம் பூத்தது.

“பூவெல்லாம் கொட்டிப்போச்சு, கேட்டியளா. ஆண் மரம்னு சொல்லுதாவ” என்றான்.

விதையில் முளைப்பது ஆணாகவும் போகலாம். ஆண் மரம் காய்க்காது. அதற்காகத்தான் காய்த்த மரத்துக் கொம்பை விதைக்கன்றில் ஒட்டுகிறோம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதைக் கிள்ளாமல் விட்டால் ஒட்டு செத்து, அடிச்செடி வளர்ந்துவிடும். தப்பு உன்னுடையது என்று விளக்கினேன். மாடு மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை மறுபடி வந்தான்.

“ஞாயித்துக்கிழம சர்ச்சுல எல்லாருட்டயும் சொல்லுவேன், அண்ணாச்சி.”

அவன் சபையில் பாதிப் பேர் என்னிடம் தை வாங்கியவர்கள். நான் கட்டிக் காத்த பெயர் இந்த மூடன் வாயில் போவதா?

நான் சத்தம் போடவில்லை. கிணற்றில் மோட்டார்க் குழாயின் ஃபுட்வால்வ் அடைத்திருக்கிறது, கொஞ்சம் எட்டிப் பார் என்றேன். சொன்னதைச் சொன்னபடி செய்யும் புத்தி அவனுக்கு அன்றுதான் வந்தது. குனிந்தான். அவன் காலைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

“அண்ணாச்சி, கயிறப் போடுங்க” என்று உள்ளேயிருந்து கூப்பிட்டான். கயிறு என் காலடியில்தான் கிடந்தது. மோட்டாரைப் போட்டேன். அது நன்றாகவே ஓடியது. அவன் சத்தம் கேட்கவில்லை. வெயில் தாழ்ந்திருந்ததால் பிச்சிக்கெல்லாம் தண்ணீர் விட்டு முடித்தேன்.

நேற்று நீங்கள் அந்த மரத்தைப் பார்த்துவிட்டு வந்தீர்கள். ஒட்டு செத்திருந்தாலும் தண்டில் தழும்பு இருக்குமே, இதில் எதுவும் இல்லையே என்கிறீர்கள். சரிதான். அந்த வருடம் ஒட்டுத் தைகள் தீர்ந்துபோயிருந்தன, விதைக்கன்றைக் கொடுத்தேன். இவனுக்கு எங்கே வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

ஆனால் பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைக்காதீர்கள், சார். அந்தத் தண்டை முதலில் தடவிப் பார்த்தது நீங்கள் இல்லை. அந்த மூடன்தான்.