செவ்வாய்க்கிழமைதோறும் கதவைத் தட்டியவருக்கு

முப்பத்திரண்டு ஆண்டுகள் நம் சபையின் வேதாகம ஊழியையாகப் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் ஜெயசுதா அக்கா அவர்களுக்குச் செந்துறைச் சபையார் வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் ஆழியே, அருளின் ஊற்றே, பணிவின் பாசறையே, பரிவின் பட்டறையே! ஒருவரையும் தனியாக விடாத சபை என்று இப்பூவுலகில் ஒன்று உண்டென்றால் அது நம் சபையே என்னும் பேருண்மைக்கு வாழும் சாட்சியாய் விளங்கும் எங்கள் அக்கா அவர்களே, ஸ்தோத்திரம்.

மேற்கண்ட அடைமொழிகள் போன ஆண்டு மாற்றலாகிப் போன போதகர் ஐயாவுக்கு எழுதியவை. பிரேம் போடும் கடையில் அந்த மடலின் நகல் அப்படியே இருந்தது, பெயரை மாற்றிக்கொண்டோம். இனி வருவது உங்களுக்கென்றே எழுதியது.

நம் சபையின் விழுமியங்கள் ஐந்து: அன்பு, வரவேற்பு, விசாரிப்பு, ஐக்கியம், தாழ்மை. மூன்று நாள் முகாம் போட்டு, பிரியாணிக்கு முன்னும் பின்னும் விவாதித்து, நுழைவாயில் கிரானைட்டில் பொன்னெழுத்தில் பொறித்தோம். தாழ்மை கடைசியில் வந்ததால் அதற்கடுத்து உபயதாரர்களின் பெயர்களும் பட்டங்களும் வந்தன. அவை தாழ்மையைவிடப் பெரிய எழுத்தில் அமைந்துவிட்டது கல்வெட்டியவரின் பிழை என்றே இன்றுவரை சொல்லி வருகிறோம். ஐந்தில் நான்கைச் சபையார் எல்லாரும் பகிர்ந்துகொண்டோம். மூன்றாவதை உங்களிடம் கொடுத்துவிட்டோம்.

தொடர்ந்து இரண்டு ஞாயிறு ஆராதனைக்கு வராதவரை அடுத்த செவ்வாய்க்கிழமை வீடு தேடிப் போய் விசாரிக்க வேண்டும் என்பது சபை விதி. விதி சபையுடையது; தேய்ந்த செருப்பு உங்களுடையது. யார் வரவில்லை என்று நீல அட்டை நோட்டில் குறித்துக்கொள்வீர்கள். ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் இரவு ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அரியமுத்துவின் வாசலிலும் நின்றிருக்கிறீர்கள். "ஏங்க, ரெண்டு வாரமா ஒங்க எடம் காலியாவே கெடக்கு. ஒடம்பு கிடம்பு முடியலீங்களா?" என்ற அந்தக் குரலுக்குப் பயந்தே மூன்றாம் ஞாயிறு வந்துவிட்டவர்கள் இந்த அரங்கில் பாதிப்பேர்.

கணவரை இழந்த கவிதா யாருக்கும் கதவு திறக்காமல் இருந்த நாட்களில், மூன்று செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்துவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினீர்கள். நாலாவது செவ்வாய்க்கிழமை உள்ளேயிருந்து குரல் வந்தது. "உள்ள வாக்கா, வெயிலடிக்குது." கவிதா இன்று பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்கிறார். அந்தக் கதவு திறந்ததைச் சபையின் சாதனையாக ஆண்டறிக்கையில் அச்சிட்டோம்.

ஆலயத்துக்குப் பின்னால் நீங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டை, ஐக்கியத்தை முன்னிட்டு, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இடித்தோம். கார் நிறுத்த இடமில்லாமல் சபையார் ஒருவரோடொருவர் சண்டையிட்டுக்கொண்டிருந்த காலம் அது. வாடகைக்கு இடம் பார்த்துக்கொள்வதாகச் சொன்னீர்கள். கிடைத்ததா என்று கேட்க நினைத்திருந்தோம். அதன்பின் சாயங்காலங்களில் நீங்கள் அரியலூர் பஸ் ஏறுவதைப் பார்த்தோம். பையை ஏற்றிக் கொடுத்தவர்களும் எங்களில் உண்டு.

போன ஆண்டு பித்தப்பை ஆபரேஷனுக்காக நீங்கள் நான்கு ஞாயிறு வரவில்லை. நோட்டு உங்களிடம் இருந்ததால், வராதவர் யார் என்று குறித்துக்கொள்ள ஆளில்லை. சபை வரலாற்றிலேயே ஒருவர் பெயரும் குறிக்கப்படாத மாதம் அது என்று கமிட்டி கர்த்தருக்கு நன்றியும் செலுத்தியது. ஐந்தாம் ஞாயிறு, வழக்கம்போல் எல்லாருக்கும் முன்னால் வந்து பாய் விரித்துக்கொண்டிருந்த உங்களிடம் செயலர் கலைச்செல்வன் கேட்டார்:

"என்னக்கா, ஊருக்குப் போயிருந்தீங்களா?"

"ஆமா தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தேன்."

"யாருக்குக்கா முடியல?"

"எனக்குத்தான் தம்பி. அந்தப் பாய் நுனியைக் கொஞ்சம் பிடிங்க."

அவர் பிடித்தார். அதுவரை அவர் பாய் பிடித்ததில்லை.

ஆகவே, அக்கா, புகழுரை போதும் என்று நினைக்கிறோம். நீங்கள் நேற்று ஒப்படைத்த நீல நோட்டில் புதிய பக்கம் திருப்பி, முதல் வரியில் உங்கள் பெயரைத்தான் எழுதியிருக்கிறோம். பஸ் இல்லை, உடம்பு முடியவில்லை, மனசே வரவில்லை, எதுவானாலும் சரி. இரண்டு ஞாயிறு உங்கள் இடம் காலியாக இருந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை கமிட்டியார் உங்கள் வீட்டு வாசலில் நிற்பார்கள் என்று நேற்றிரவு ஏகமனதாகத் தீர்மானம் போட்டோம். நீங்கள் கதவு திறக்காவிட்டால் படியில் உட்கார்ந்திருப்போம். அப்படி உட்காரத் தெரிந்தவர் எங்களில் இப்போதைக்குக் கவிதா ஒருவர்தான், மற்றவர்கள் பழகிக்கொள்வோம்.

நோயின்றி, நோவின்றி, பஸ்ஸில் உட்கார இடமும் பக்கத்தில் பேச ஆளும் வாய்த்து, நீங்கள் நெடுநாள் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
கமிட்டி உறுப்பினர் பதினொருவரும் செந்துறைச் சபையாரும்

குறிப்பு: ஓய்வு பெறுபவரை மாலையோடு வீடுவரை கொண்டுபோய் விடும் வழக்கப்படி வேன் வாசலில் நிற்கிறது. எந்த ஊர், எந்தத் தெரு என்று டிரைவர் வெள்ளைச்சாமி காலையில் கேட்டார். பதினொரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.